மூழ்கிய படகைத் தூக்குவது யார் செலவு? இங்கிலாந்துக் கால்வாய்ப் படகுகளுக்குக் காப்பீடு தேர்ந்தெடுத்தல்

ஆழ்கடலில் மூழ்கிப்போகும் படகு உரிமையாளருக்கு ஓர் இழப்பு. பெரும்பாலும் அந்த இழப்போடு கணக்கு முடிந்துவிடும். ஆழம் குறைந்த கால்வாயில் மூழ்கும் படகு அங்கேயே கிடக்கிறது. அதன் கூரை நீருக்கு மேலே தெரிய, எஞ்சினிலிருந்து கசிந்த டீசல் நீரில் படர, பின்னால் வரும் படகுகள் வழியின்றி நிற்க, அதை யார் தூக்குவது, யார் செலவில் தூக்குவது என்ற கேள்வி அன்றைக்கே எழுந்துவிடுகிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உள்ள கால்வாய்களில் பொழுதுபோக்குக்காகப் படகு வைத்திருப்பவர்கள் காப்பீடு எடுக்கும்போது முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது இந்தக் கேள்வியைத்தான் என்பது என் கருத்து. நடைமுறையிலோ பலரும் பிரீமியத்தையும் மூன்றாம் நபர் பொறுப்பின் உச்சவரம்பையும் மட்டும் ஒப்பிட்டுப் பாலிசியை வாங்கிவிடுகிறார்கள். மூழ்கிய படகை மீட்கும் செலவு அதில் அடங்குமா, அடங்குமானால் என்ன நிபந்தனையோடு அடங்கும் என்பதைப் படகு மூழ்கிய பிறகே தேடிப் படிக்கிறார்கள்.

இந்த நீர்வழிகளின் தன்மையைச் சற்று விளக்கினால்தான் மேற்கொண்டு சொல்லப்போவது புரியும். 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிலக்கரி, மட்பாண்டம் போன்ற சரக்குகளைக் கொண்டுசெல்வதற்காக ஜேம்ஸ் பிரிண்ட்லி உள்ளிட்ட பொறியாளர்கள் வெட்டிய கால்வாய்களே இன்று உல்லாசப் படகுகள் ஓடும் வழிகள். மேட்டிலிருந்து பள்ளத்துக்கும் பள்ளத்திலிருந்து மேட்டுக்கும் படகை ஏற்றி இறக்க இருபுறமும் கதவடைத்த தொட்டிகளைக் கட்டினார்கள். அவற்றை லாக் என்கிறார்கள். நடு இங்கிலாந்தின் கால்வாய்களில் இந்த லாக்குகள் ஏறத்தாழ 7 அடி அகலமே உள்ளவை என்பதால், அவற்றில் நுழைய வேண்டிய படகுகளும் 6 அடி 10 அங்குல அகலத்தில், எழுபது அடி வரையிலான நீளத்தில் ஒடுங்கி அமைந்தன. நேரோபோட் (ஒடுங்கிய படகு) என்ற பெயர் அப்படி வந்தது. இன்று சுமார் 2,000 மைல் நீர்வழிகளைக் கெனால் அண்ட் ரிவர் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை பராமரிக்கிறது. அரசு அமைப்பான பிரிட்டிஷ் வாட்டர்வேஸிடமிருந்து 2012-இல் அது இப்பொறுப்பை ஏற்றது. தேம்ஸ் ஆற்றின் அலையேற்றமில்லாத, அதாவது கடலின் ஏற்றவற்றம் எட்டாத, பகுதி சுற்றுச்சூழல் முகமையின் பொறுப்பில் இருக்கிறது. லண்டன் தமிழர்கள் நெருக்கமாக வாழும் சவுத்தால், அல்பர்ட்டன் பகுதிகளின் நடுவே ஓடும் கிராண்ட் யூனியன் கால்வாயும் டிரஸ்ட்டின் பராமரிப்பில் உள்ளதுதான்.

டிரஸ்ட்டின் நீர்வழியில் படகு வைத்திருக்க உரிமம் வேண்டும். பிரிட்டிஷ் வாட்டர்வேஸ் சட்டம், 1995, இதற்கு மூன்று நிபந்தனைகளை விதிக்கிறது. படகு பாதுகாப்புத் தரங்களுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். மூன்றாம் நபர் பொறுப்புக் காப்பீடு நடப்பில் இருக்க வேண்டும். நிலையான நிறுத்துமிடம் ஒன்று இருக்க வேண்டும், அது இல்லாவிட்டால் எந்த இடத்திலும் தொடர்ந்து 14 நாட்களுக்கு மேல் தங்காமல் உண்மையாகவே பயணம் செய்துகொண்டிருக்க வேண்டும். இவற்றில் இரண்டாவது நிபந்தனையே பெரும்பாலோரைக் காப்பீட்டை நோக்கி முதலில் தள்ளுகிறது. சட்டம் கேட்பது, படகு நீர்வழியில் இருப்பதால் பிறருக்கு நேரும் உயிரிழப்பு, காயம், சொத்துச் சேதம் ஆகியவற்றுக்கான பொறுப்பை ஈடுசெய்யும் பாலிசி மட்டுமே. உங்கள் படகுக்கு என்ன ஆனாலும் அதைப் பற்றிச் சட்டத்துக்குக் கவலையில்லை.

மூன்றாம் நபர் பொறுப்பு என்றதும், மணிக்கு 4 மைல் வேகத்துக்குமேல் போகக் கூடாத படகு யாருக்கு என்ன பெரிய கேடு செய்துவிடும் என்று தோன்றுவது இயல்பே. எதிரே வரும் படகின் வண்ணப்பூச்சைக் கீறுவதோ, கரையில் கட்டியிருக்கும் கண்ணாடியிழைப் படகை இடித்து உடைப்பதோதான் பெரும்பாலும் நினைவுக்கு வரும். ஆனால் கால்வாய் என்பது கரைகளுக்கு நடுவே தேக்கிவைத்த நீர் என்பதை மறக்கக் கூடாது. 2018 மார்ச்சில் ஷ்ராப்ஷயர் யூனியன் கால்வாயின் மிடில்விச் கிளையில் கரை உடைந்து, நீர் முழுவதும் கீழே உள்ள ஆற்றில் பாய்ந்தது. படகுகள் வறண்ட தரையில் நின்றன. லாக்கின் நீர்விடு பலகைகள் திறந்தபடி விடப்பட்டதால் நீர் கரைமேல் வழிந்து அதை அரித்திருக்கக்கூடும் என்று டிரஸ்ட் கருதியது. அந்த நிகழ்வில் யார் மீதும் பொறுப்பைச் சுமத்துவது என் நோக்கமன்று. மெதுவாக ஓடும் படகைச் செலுத்துபவரின் ஒரு சிறு மறதிகூட எத்தனை பெரிய சேதத்துக்கு வாயிலாகலாம் என்பதைக் காட்டவே இதைச் சொல்கிறேன். பல பாலிசிகள் மூன்றாம் நபர் பொறுப்பை இருபது, முப்பது லட்சம் பவுண்டு என்ற அளவில் வைத்திருப்பது வீண் ஆடம்பரம் இல்லை. நிறுத்துமிடம் தரும் மரினாக்கள் தங்களுக்கென ஒரு குறைந்தபட்சத் தொகையை ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதுண்டு. உரிமத்துக்குப் போதுமான பாலிசி மரினாவுக்குப் போதாமல் போகலாம்.

மீட்புச் செலவு

இப்போது மூழ்கிய படகுக்கு வருவோம். பிரிட்டிஷ் வாட்டர்வேஸ் சட்டம், 1983, மூழ்கிய, தரைதட்டிய, கைவிடப்பட்ட படகுகளை அகற்றும் அதிகாரத்தை நீர்வழி நிர்வாகத்துக்கு அளிக்கிறது. உரிமையாளருக்கு 28 நாள் அறிவிப்புக் கொடுத்த பின் படகை அகற்றி, அதற்கான செலவை அவரிடமே வசூலிக்க நிர்வாகத்துக்கு உரிமை உண்டு. 57 அடி நேரோபோட் ஒன்று எடையில் பதினைந்து டன்னையும் தாண்டக்கூடியது. நல்ல காலமாக அது சாலையோரம் மூழ்கியிருந்தால், நீர் புகுந்த வழியை அடைத்து, பம்ப் வைத்து நீரை இறைத்து மிதக்கவிடலாம். வயல்வெளிக்கு நடுவே, கிரேன் வர வழியில்லாத இடத்தில் மூழ்கியிருந்தால் வேலையும் செலவும் பன்மடங்காகின்றன. டீசல் பரவாமல் தடுக்க மிதவைத் தடுப்பு போட வேண்டும், மாசுபட்ட நீரை உறிஞ்சி எடுக்க வேண்டும், தூக்கிய படகைப் பழுதுபார்க்கும் இடத்துக்கு இழுத்துச் செல்ல வேண்டும். பழைய படகாக இருந்தால் இந்தச் செலவு படகின் விலையையே விழுங்கிவிடலாம். உரிமையாளர் படகை அப்படியே கைகழுவிவிட்டுப் போகவும் முடியாது.

ஆகவே பாலிசியில் சிதைவு அகற்றும் செலவு, அதாவது மூழ்கிய படகை மீட்கும் செலவு, பற்றிய பிரிவைத்தான் நான் முதலில் படிக்கச் சொல்வேன். இதில் மூன்று கேள்விகள் உள்ளன. முதலாவது, மூன்றாம் நபர் பொறுப்பு மட்டும் கொண்ட மலிவான பாலிசியில் இந்தப் பிரிவு இருக்கிறதா என்பது. சிலவற்றில் இருக்கிறது, சிலவற்றில் இல்லை, சிலவற்றில் கூடுதல் பிரீமியம் கட்டினால் சேர்த்துக்கொள்ளலாம். இரண்டாவது, மீட்புச் செலவு படகின் காப்பீட்டுத் தொகைக்குள்ளேயே அடங்குகிறதா, அதற்கு மேலாகத் தனியே தரப்படுகிறதா என்பது. படகுக்கு 30,000 பவுண்டு என்று காப்பீடு செய்து, தூக்குவதற்கு 10,000 பவுண்டு செலவானதாக வைத்துக்கொண்டால், முதல் வகைப் பாலிசியில் படகைச் சரிசெய்ய 20,000 மட்டுமே மிஞ்சும். மூன்றாவது கேள்வியில்தான் பலருடைய கோரிக்கைகள் சிக்கிக்கொள்கின்றன: படகு எந்தக் காரணத்தால் மூழ்கினாலும் மீட்புச் செலவு கிடைக்குமா, அல்லது பாலிசி ஏற்றுக்கொள்ளும் காரணத்தால் மூழ்கினால் மட்டும்தான் கிடைக்குமா?

மூன்றாம் கேள்விக்கு விடை காண, கால்வாய்ப் படகுகள் எப்படி மூழ்குகின்றன என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

லாக்கில் நேரும் விபத்தே இவற்றில் மிகவும் பேசப்படுவது. லாக்கின் மேல்வாயில் கதவுகளுக்குக் கீழே, தொட்டிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கல்திட்டு உண்டு. சில் என்பது அதன் பெயர். தொட்டி நிறைந்திருக்கும்போது அது கண்ணுக்குத் தெரியாது. ஆதலால் அதன் எல்லையைச் சுவரில் வெள்ளைக் கோடாக வரைந்திருப்பார்கள். படகு கீழே இறங்கும்போது பின்பகுதி அந்தக் கோட்டைத் தாண்டிப் பின்னால் நின்றுவிட்டால், நீர் வடிய வடியப் பின்பகுதி திட்டின் மேல் உட்கார்ந்துகொள்ள, முன்பகுதி மட்டும் இறங்கிக்கொண்டே போய்ச் சில நிமிடங்களில் நீரில் ஆழ்ந்துவிடும். இன்னொரு காரணம், சுழலியில் சிக்கிய களையையும் துணியையும் எடுப்பதற்காகப் படகின் பின்பகுதியில் வைத்திருக்கும் மூடியைச் சரியாக மூடாமல் எஞ்சினை ஓட்டிவிடுவது. சுழலி தள்ளும் நீர் அந்த வழியே எஞ்சின் அறைக்குள் பாய்ந்துவிடும். குளிர்காலத்தில் குழாய்களில் உறைந்த நீர் விரிந்து இணைப்புகளை உடைப்பதும், பிறகு பனி உருகும்போது ஆளில்லாத படகில் நீர்த்தொட்டி முழுவதும் உள்ளே கொட்டிவிடுவதும் உண்டு. முதல் இரண்டும் கவனக்குறைவால் நேர்பவை என்றாலும் விபத்துகளே. சொந்தப் படகுக்கு நேரும் சேதத்தையும் ஈடுசெய்யும் முழுக் காப்பீட்டுப் பாலிசிகள் பொதுவாக இவற்றை ஏற்கின்றன. பனிச் சேதத்துக்கு, குளிர்காலம் தொடங்குமுன் குழாய்களிலிருந்து நீரை வடித்துவிட வேண்டும் என்பது போன்ற நிபந்தனை இருக்கும். பட்டறை ரசீதோ தேதியிட்ட படமோ கையில் இருந்தால் பின்னாளில் வாதாட வேண்டியிருக்காது.

துருதான் உண்மையான சிக்கல். இக்காலத்து நேரோபோட்டின் அடித்தகடு பெரும்பாலும் 10 மி.மீ. தடிமன், பக்கத் தகடு 6 மி.மீ., மேற்கட்டு 4 மி.மீ. என்ற அளவில் கட்டப்படுகிறது. நீருக்கடியில் இருக்கும் எஃகைத் துரு எல்லா இடத்திலும் ஒரே சீராகத் தின்பதில்லை. ஓரிடத்தில் சிறு குழியாகத் தொடங்கி அங்கேயே ஆழமாகத் துளைத்துக்கொண்டு போகிறது. சுற்றிலும் தகடு கெட்டியாக இருக்க, ஊசிமுனை அளவு இடத்தில் மட்டும் அது காகிதம் போலாகிவிடும். கரையிலிருந்து மின்சாரம் எடுத்துக்கொள்ளும் படகுகளில் இது வேகமாக நடக்கும். மின்கம்பியின் எர்த் இணைப்பு வழியே பக்கத்துப் படகுகளும் கரையின் இரும்புத் தடுப்புகளும் ஒரே மின்சுற்றில் சேர்ந்துவிட, உங்கள் படகின் எஃகு அந்தச் சுற்றில் கரையும் முனையாகிவிடலாம். இதைத் தடுக்கவே கால்வானிக் ஐசொலேட்டரைப் பொருத்துகிறார்கள். படகுக்குப் பதிலாகத் தான் கரைந்துபோகும்படி மக்னீசியக் கட்டிகளை அடிப்பகுதியில் பற்றவைப்பதும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை படகைக் கரையேற்றித் தார்ப்பூச்சு அடிப்பதும் வழக்கமான பராமரிப்பு.

காப்பீட்டு நிறுவனத்தின் பார்வையில் துருவால் விழும் ஓட்டை விபத்தில்லை. இந்தக் கொள்கை பழமையானது. கடல்சார் காப்பீட்டுச் சட்டம், 1906, சாதாரணத் தேய்மானத்துக்கும், பொருளின் இயல்பிலேயே உள்ள குறைக்கும், எலி முதலியவற்றால் நேரும் சேதத்துக்கும் காப்பீட்டாளர் பொறுப்பில்லை என்று அப்போதே எழுதிவைத்தது. இன்றைய கால்வாய்ப் படகுப் பாலிசிகளும் அதே வழியில் தேய்மானம், துரு, படிப்படியான சீர்கேடு ஆகியவற்றை விலக்கி எழுதுகின்றன. ஆனால் விலக்கு எழுதப்படும் விதத்தில் பாலிசிக்குப் பாலிசி பெரிய வேறுபாடு உண்டு. துருப்பிடித்த தகட்டை மாற்றும் செலவை மட்டும் விலக்கி, அதன் விளைவாகப் படகு மூழ்கியதால் உட்புறம் பாழானதையும் மீட்புச் செலவையும் ஏற்றுக்கொள்ளும் பாலிசிகள் ஒரு வகை. துருவால் நேரடியாகவோ மறைமுகமாகவோ விளைந்த எதையும் ஏற்காதவை மற்றொரு வகை. இரண்டாம் வகையில், ஊசிமுனை ஓட்டை வழியே இரவில் நீர் புகுந்து மூழ்கிய படகின் உரிமையாளர், படகையும் இழந்து, அதைத் தூக்கும் செலவையும் தாமே ஏற்க வேண்டியதாகிறது. பிரீமியத்தில் சில பத்துப் பவுண்டு வேறுபாட்டைப் பார்த்து இவ்விரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பாலிசி வாங்குமுன் நிறுவனத்திடம் இந்த ஒரு கேள்வியையாவது எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

சர்வே

படகு பழையதாக ஆகும்போது முழுக் காப்பீடு தரும் நிறுவனம் சர்வே அறிக்கை கேட்கும். எந்த வயதிலிருந்து என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். எஃகுப் படகுகளுக்கு இருபத்தைந்து, முப்பது ஆண்டுகளில் பொதுவாகக் கேட்கத் தொடங்குவார்கள். படகை நீரிலிருந்து வெளியே எடுத்து, பாசியைக் கழுவி, சர்வேயர் ஒலியலைக் கருவி கொண்டு இடம் இடமாகத் தகட்டின் தடிமனை அளக்கிறார். குழிகளின் ஆழத்தைத் தனியே குறிக்கிறார். 4 மி.மீ.க்குக் குறைந்த தகட்டை முழுக் காப்பீட்டுக்கு ஏற்பதில்லை என்பது இத்துறையில் பரவலாக நிலவும் வழக்கம். அப்படிக் குறைந்திருந்தால் பழைய தகட்டின் மேல் புதுத் தகடு பற்றவைக்கச் சொல்வார்கள். அது தீர்வுதான் என்றாலும், படகின் எடை கூடி அது நீரில் மேலும் சற்று அமிழும். சமையலறைக் கழிவுநீர்க் குழாயும் எஞ்சின் அறைக் காற்றுத் துளைகளும் நீர்மட்டத்துக்கு அருகே வந்துவிடும். இதைக் கவனிக்காமல் விட்டால் ஓர் ஆபத்தை அடைக்கப்போய் வேறோர் ஆபத்துக்கு வழி திறந்ததாகும்.

பாதுகாப்புச் சான்றிதழ் இருக்கும்போது சர்வே எதற்கு என்று கேட்பவர்களை அடிக்கடி காணலாம். படகுப் பாதுகாப்புத் திட்டத்தின் சான்றிதழை நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். உரிமத்துக்கு அது அவசியம். ஆனால் அந்தச் சோதனை பார்ப்பது எரிவாயு இணைப்பு, எரிபொருள் தொட்டி, மின்கம்பிகள், தீயணைப்பான், காற்றோட்டம், கார்பன் மோனாக்சைடு அலாரம் ஆகியவற்றை. தங்கும் வசதியுள்ள படகுகளுக்கு இந்த அலாரம் 2019 ஏப்ரல் முதல் கட்டாயமாக்கப்பட்டது. தீயும் வெடிப்பும் நச்சுக்காற்றும் தடுக்கப்படுகின்றனவா என்பதே சோதனையின் அக்கறை. படகின் அடித்தகடு எத்தனை மில்லிமீட்டர் மிஞ்சியிருக்கிறது என்பதை அது அளப்பதே இல்லை. நேற்றுப் பெற்ற பாதுகாப்புச் சான்றிதழோடு இன்று ஒரு படகு துருவால் மூழ்குவதில் முரண்பாடு ஏதுமில்லை. பழைய படகு வாங்குவோர் இதை உணராமல் சான்றிதழை மட்டும் நம்பிப் பணம் கொடுப்பது வருத்தத்துக்குரியது.

விற்பவர் காட்டும் பழைய சர்வே அறிக்கையை நம்பி வாங்குவதும் நல்லதன்று. சர்வேயரின் பொறுப்பு, அவரை அமர்த்திக் கட்டணம் செலுத்தியவருக்கே உரியது. வேறொருவர் எடுத்த அறிக்கையில் பிழை இருந்தால் உங்களுக்கு முறையிட வழி அரிது. அறிக்கையின் இறுதியில் சர்வேயர் எழுதும் பரிந்துரைகளைக் காப்பீட்டு நிறுவனம் நிபந்தனையாகவே எடுத்துக்கொள்ளும். குறிப்பிட்ட பணிகளைக் குறிப்பிட்ட காலத்துக்குள் முடித்ததற்கு ரசீது வேண்டும். முடிக்காமல் விட்ட பணியோடு தொடர்புடைய இழப்பு நேர்ந்தால் கோரிக்கை நிற்காது.

சர்வேக்கு அஞ்சியோ அதன் செலவுக்கு அஞ்சியோ பழைய படகுக்காரர்கள் பலர் மூன்றாம் நபர் பாலிசியோடு நின்றுவிடுகிறார்கள், ஏனெனில் அதற்குப் பெரும்பாலும் சர்வே கேட்பதில்லை. தகடு மெலிந்து மூழ்கும் வாய்ப்பு அதிகமாக உள்ள படகுகளே மீட்புச் செலவுக்குப் பாதுகாப்பின்றி நிற்கும் நிலை இதனால் உண்டாகிறது. படகின் விலையை இழக்கத் துணிந்தவர்கூட, அதைத் தூக்கும் செலவையும் தாங்கும் நிலையில் இருக்கிறாரா என்பதைக் கணக்கிட்ட பிறகே இந்த முடிவுக்கு வர வேண்டும்.

தொகை, பயன்பாடு, நீர்ப்பரப்பு

முழுக் காப்பீட்டில் படகின் தொகையை நிர்ணயிக்க இரண்டு முறைகள் உண்டு. ஒப்புக்கொண்ட மதிப்பு என்ற முறையில், படகு முழுவதும் அழிந்தால் பாலிசியில் எழுதிய தொகையே கிடைக்கும். சந்தை மதிப்பு என்ற முறையில், இழப்பு நேர்ந்த நாளில் அப்படிப்பட்ட படகு என்ன விலை போகுமோ அது மட்டுமே கிடைக்கும். கால்வாய்ப் படகுகள் கார்களைப் போல ஒரே அச்சில் வார்த்தவை அல்ல. உட்புற மரவேலை, எஞ்சின், கட்டியவரின் பெயர் என ஒவ்வொன்றும் விலையை மாற்றும். ஒத்த படகு எது என்பதிலேயே தகராறு எழக்கூடும் என்பதால், உட்புறத்தை நன்றாகக் கட்டியிருப்பவர்களுக்கு ஒப்புக்கொண்ட மதிப்பே ஏற்றது. பிரீமியத்தைக் குறைக்க மதிப்பைக் குறைத்து எழுதுவது வீண் சேமிப்பு. பகுதிச் சேதத்திலும் விகிதப்படி குறைத்துத் தரும் பிரிவு பல பாலிசிகளில் இருக்கிறது.

படகை எதற்குப் பயன்படுத்துகிறீர்கள் என்ற கேள்விக்கு உண்மையான விடை தர வேண்டும். வார இறுதியில் மட்டும் போகும் படகும், ஆண்டு முழுவதும் குடியிருக்கும் படகும் காப்பீட்டாளருக்கு ஒன்றல்ல. குடியிருப்பவருக்கு வீட்டுப் பொருட்களுக்கான தொகையும், படகு பழுதாகிக் கிடக்கும் காலத்தில் மாற்று இடத்தில் தங்கும் செலவும் தேவைப்படும். உல்லாசப் பயன்பாட்டுப் பாலிசியில் உடைமைகளுக்கான வரம்பு சிறியது. மறுபக்கம், வார இறுதிக்கு மட்டும் பயன்படும் படகு நாள்கணக்கில் ஆளில்லாமல் நிற்கும் என்பதால், இத்தனை நாளுக்கு ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும் என்று சில பாலிசிகள் கேட்கின்றன. கட்டணம் வாங்கிப் பிறரைத் தங்கவைப்பதோ வாடகைக்கு விடுவதோ தனியார் பயன்பாட்டுக்குள் அடங்காது. நண்பரிடம் இலவசமாகக் கொடுத்தால் பெரும்பாலும் சிக்கலில்லை. அவர் எரிபொருளுக்கு மேல் ஏதாவது தொகை கொடுக்கும்போது எல்லை மங்கத் தொடங்குகிறது.

விவரங்களைத் தவறாகச் சொன்னால் என்னவாகும் என்பதை நுகர்வோர் காப்பீடு பற்றிய 2012-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்திருக்கிறது. கேட்ட கேள்விகளுக்குத் தவறான தகவல் தராமல் நியாயமான கவனம் எடுத்துக்கொள்வது வாங்குபவரின் கடமை. வேண்டுமென்றே பொய் சொல்லியிருந்தால் நிறுவனம் பாலிசியையே செல்லாததாக்கலாம். கவனக்குறைவால் தவறு நேர்ந்து, உண்மை தெரிந்திருந்தால் நிறுவனம் கூடுதல் பிரீமியம் கேட்டிருக்குமானால், இழப்பீட்டை அந்த விகிதத்தில் குறைக்கலாம். 300 பவுண்டு வாங்கியிருக்க வேண்டிய இடத்தில் 200 வாங்கியிருந்தால், 30,000 பவுண்டு கோரிக்கைக்கு 20,000 கிடைக்கும். குடியிருப்பதைக் கவனக்குறைவால் சொல்லாமல் விட்டதில் மிஞ்சிய நூறு பவுண்டு பத்தாயிரம் பவுண்டு இழப்பாகிவிடுகிறது.

நீர்ப்பரப்பின் எல்லையையும் பார்க்க வேண்டும். உள்நாட்டு நீர்வழிகள் என்று பாலிசியில் எழுதியிருந்தால் அலையேற்றமுள்ள ஆற்றுப் பகுதிகள் அதில் சேருமா என்பது தெளிவாக இருக்க வேண்டும். கிராண்ட் யூனியனிலிருந்து பிரென்ட்ஃபோர்டில் தேம்ஸில் இறங்கி லைம்ஹவுஸ் போவது, குரோம்வெல் லாக்குக்குக் கீழே டிரென்ட் ஆற்றில் போவது, லங்காஸ்டர் கால்வாயைச் சேர 2002-இல் திறக்கப்பட்ட ரிப்பிள் இணைப்பில் போவது ஆகியவை அலையேற்ற நீரில் செல்லும் பயணங்கள். தட்டையான அடியும் உயரம் குறைந்த முன்பகுதியும் கொண்ட நேரோபோட் அலைக்காகக் கட்டப்பட்டதன்று. சில நிறுவனங்கள் இத்தகைய பயணத்தை நிபந்தனையோடு சேர்த்தே தருகின்றன. நங்கூரம், உயிர்காப்பு உடை, அனுபவமுள்ள துணைவர் ஆகியவற்றைக் கேட்கலாம். சில, ஒவ்வொரு முறையும் முன்கூட்டித் தெரிவிக்கச் சொல்கின்றன. மழைக்காலத்தில் தேம்ஸ் லாக்குகளில் கடும் நீரோட்டத்துக்கான சிவப்பு எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கும்போது படகை எடுத்துக்கொண்டு போவது, அலையேற்றமில்லாத நீராக இருந்தாலும், நியாயமான கவனம் எடுத்தாரா என்ற கேள்வியைக் கோரிக்கையின்போது எழுப்பும்.

தகராறு வந்தால்

நிபந்தனை ஏதேனும் மீறப்பட்டிருந்தாலே கோரிக்கை தோற்றுவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. 2016 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த காப்பீட்டுச் சட்டம், 2015, பழைய கடுமையைத் தளர்த்தியிருக்கிறது. ஒரு குறிப்பிட்ட வகை இழப்பின் வாய்ப்பைக் குறைப்பதற்காக எழுதிய நிபந்தனையை மீறியிருந்தாலும், அந்த மீறல் நடந்த இழப்பின் வாய்ப்பை அந்தச் சூழலில் கூட்டியிருக்க முடியாது என்று உரிமையாளர் காட்டினால், அதைச் சொல்லி நிறுவனம் மறுக்க முடியாது. எரிவாயு இணைப்பைச் சோதிக்கத் தவறியவரின் படகு லாக்கின் திட்டில் மாட்டி மூழ்கினால், இரண்டுக்கும் தொடர்பில்லை என்று வாதாட இடமிருக்கிறது. நுகர்வோருக்கு உள்ள இந்தப் பாதுகாப்பை ஒப்பந்தத்தில் எழுதிப் பறிக்கவும் முடியாது.

மறுப்புக் கடிதம் வந்தால், எந்தப் பிரிவின் கீழ் மறுக்கிறார்கள், துருவே காரணம் என்று எந்த ஆய்வின் அடிப்படையில் சொல்கிறார்கள் என்பதை எழுத்தில் கேட்க வேண்டும். தூக்கிய படகை உடனே வெட்டி விற்றுவிடவோ தகட்டை மாற்றிவிடவோ கூடாது. ஓட்டை விழுந்த இடம்தான் சான்று. தேவைப்பட்டால் அதைத் தாமே அமர்த்திய வேறொரு சர்வேயரைக் கொண்டு பார்க்கவைக்கலாம். நிறுவனத்திடம் முறைப்படி புகார் கொடுத்து எட்டு வாரங்களில் தீர்வு கிடைக்காவிட்டாலோ, இறுதிப் பதில் திருப்தி தராவிட்டாலோ, நிதிச் சேவைகளுக்கான குறைதீர்ப்பு அமைப்பான ஃபைனான்சியல் ஆம்புட்ஸ்மன் சர்வீஸிடம் செல்லலாம். நுகர்வோருக்கு அது கட்டணமில்லாத வழி. இறுதிப் பதில் வந்த நாளிலிருந்து ஆறு மாதங்களுக்குள் அங்கே புகார் சேர்ந்துவிட வேண்டும். படகு கரையில் கிடக்கும் வாடகையும் அதுவரை நாள்தோறும் ஏறிக்கொண்டிருக்கும் என்பதால், அந்தக் கட்டணத்தை யார் ஏற்பது என்பதையும் முதல் புகார்க் கடிதத்திலேயே எழுப்பிவிட வேண்டும்.